அந்த ஒரு ‘நீ’

கேள்வி: நான் பெரிய சினிமா ரசிகன் இல்லை. வேலை முடிந்து வந்து எது ஓடுகிறதோ அதைப் பார்ப்பேன், அவ்வளவுதான். தமிழ் சீரியலில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வீடே அதிர்கிறது. போன மாதம் ஒருத்தி புருஷனை வெளியே போகச் சொன்னாள். அதற்கு ஐந்து நிமிஷம் இடியும் மின்னலும்! எனக்குச் சிரிப்பு, பக்கத்தில் அம்மாவுக்கு அழுகை. இன்னொரு படத்தில் ஹீரோ தன் கசினையே கட்டிக்கொள்ளத் துடிக்கிறான், பார்க்கவே அருவருப்பு. பழைய ‘பராசக்தி’யில் கோர்ட்டில் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். தள்ளி ஓட்டிவிட்டேன். நம் ஊர் ‘கந்தசாமீஸ்’ படம் நம்மை வைத்துக் காசு பண்ணுகிறது, அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். எண்பதுகளில் டிவி எவ்வளவு நன்றாக இருந்தது! சத்தத்தைக் குறைத்து, போனில் வேலை பார்த்தபடி சப்டைட்டில் படிக்கிற எனக்கே இத்தனை குறை தெரிகிறது. உங்கள் பத்திரிகை ஏன் இதையெல்லாம் பாராட்டி எழுதுகிறது?
— ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் வந்த உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன், ஐயா. மனதில் பட்டதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நானும் மறைக்காமல் சொல்கிறேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன் என்கிறீர்களே, அப்படியானால் நீங்கள் சீரியலைப் பார்க்கவில்லை. அதன் அடியில் ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்திருக்கிறீர்கள். நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளில் பாதி அந்த எழுத்தின் குறை.

நீங்கள் சொல்லும் அந்த எபிசோடை நானும் பார்த்தேன். கல்யாணமாகி வருஷக்கணக்கில் அந்தப் பெண் புருஷனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். ‘வந்துட்டீங்களா’, ‘சாப்பிடுறீங்களா’. சண்டை முற்றும்போதுகூட ‘உங்களுக்கு என்னதான் வேணும்’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அன்றைக்கு அவன் சட்டைப்பையில் அடகுச் சீட்டு கிடைக்கிறது. அவளுடைய அம்மா போட்ட வளையல். அவள் கத்தவில்லை. சீட்டை நான்காக மடித்து மேசை மேல் வைக்கிறாள். ‘நீ வெளிய போ’ என்கிறாள்.

காட்சியே அந்த ‘நீ’தான். மாமியார் கையிலிருந்து டம்ளர் விழுந்தது ‘வெளிய’ என்ற சொல்லுக்காக இல்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவனுக்கு இருந்த மரியாதை அந்த ஒரு எழுத்தோடு போய்விட்டது. அடியில் என்ன வந்தது? ‘கெட் அவுட்’. ஆங்கிலத்தில் ‘நீ’யும் ‘யூ’, ‘நீங்க’ளும் ‘யூ’. அதைப் படித்த உங்களுக்குச் சிரிப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை. காதால் கேட்ட உங்கள் அம்மாவுக்கு அழுகை வந்ததிலும் இல்லை. ஒரே அறையில், ஒரே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் வேறு வேறு கதை பார்த்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு வந்த இடி, மின்னல், ஒவ்வொரு முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டியது, இதிலெல்லாம் உங்கள் கட்சிதான் நான். இழுக்கிறார்கள். அதை இந்தப் பத்திரிகையிலும் பல தடவை எழுதிவிட்டோம்.

அடுத்தது, அந்தக் ‘கசின்’. அந்தப் பெண் அவனுக்கு அத்தை மகள். தமிழில் அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண். சித்தப்பா மகளும் பெரியப்பா மகளும் தங்கை, அக்கா. சித்தி மகளும் பெரியம்மா மகளும் அப்படியே. ஒரு பக்கம் கட்டிக்கொள்கிற முறை, இன்னொரு பக்கம் நினைக்கவே கூடாத முறை. இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறது. நீங்கள் பார்த்த படத்தில் இரண்டாம் பாதியில் ஒரு பெரியவர் வந்து, ‘இவங்க பங்காளி வகைடா’ என்று சொன்னதும் கல்யாணம் நின்றுபோகிறதே, அது ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்க வழியே இல்லை. முன்பும் கசின்தானே, இப்போதும் கசின்தானே என்று தோன்றியிருக்கும். சொந்தத்தில் கட்டுவது சரியில்லை என்பது உங்கள் எண்ணமானால் தாராளமாகச் சொல்லுங்கள், டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். வேற்றுமொழி எழுத்தில் போட்டால் ஒரு சொல் என்ன ஆகும் என்பது இந்த ஊரில் நமக்குத் தெரியாததா? முதலியார் மூட்லி ஆனதும், கவுண்டர் கவெண்டர் ஆனதும் நம் வீட்டுத் தபால் பெட்டியிலேயே எழுதியிருக்கிறதே.

‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்த படம். சிவாஜிக்கு அதுதான் முதல் படம், வசனம் கருணாநிதி. ரங்கூனில் மூன்று அண்ணன்மார், மதுரையில் ஒரே தங்கை. அவள் கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் யுத்தம் வருகிறது. கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது. போனவனும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் அண்ணன், நடுவில் ஒரு கப்பல். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மெட்ராஸிலிருந்து வந்து டர்பனில் ஒப்பந்தக் கூலி ஆட்களை இறக்கிய நாளிலிருந்து நம் குடும்பங்களில் நடந்த கதை இல்லையா இது? உலகத்தில் யாருக்குப் புரியாவிட்டாலும் சாட்ஸ்வர்த்தில் இருப்பவருக்குப் புரிய வேண்டிய படம். அதைத் தள்ளி ஓட்டினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கோர்ட் காட்சி நீளம்தான். ஆனால் அது காதுக்காக எழுதிய பேச்சு. ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல் அடுத்த வாக்கியத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே குரலை இறக்குகிறார் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. சப்டைட்டிலில் ஒரு நேரத்துக்கு இரண்டு வரிதான் கொள்ளும். நீங்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டியிருப்பார். சத்தமில்லாமல் பார்த்தால் அங்கே கையை ஆட்டும் ஒரு மனிதர்தான் தெரிவார்.

சரி, எண்பதுகளுக்கு வருகிறேன். அந்த நாட்களை நினைத்து ஏங்குகிறீர்கள். எனக்கும் ஏக்கம் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான். நிறவெறி ஆட்சியை எதிர்த்து பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் நிகழ்ச்சிகளை இங்கே விற்கவிடவில்லை. அமெரிக்கத் தொடர்கள் வந்தன. அவற்றில் பலவற்றுக்கு இங்குள்ள வெள்ளையர் பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் குரல் மாற்றிப் போட்டார்கள். 1986இல் ரேடியோ 2000 தொடங்கியபோது, படம் டிவியில் ஓடும் அதே நேரத்தில் மூல ஆங்கிலக் குரலை ரேடியோவில் விட்டார்கள். ‘மயாமி வைஸ்’ என்ற அமெரிக்க போலீஸ் தொடர் அப்படித்தான் வந்தது.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அப்பா டிவி சத்தத்தை முழுக்க இறக்கிவிடுவார். சமையலறையிலிருந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து டிவி தலையில் வைப்பார். முள்ளைத் திருப்பித் திருப்பி, கொரகொரப்புப் போகும் வரை நாங்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நடிகரின் சொந்தக் குரல் வந்ததும் அப்பா முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ‘இப்பதான் அவன் பேசுறான்’ என்பார். வேறொருத்தர் குரலை அந்த நடிகர் வாயில் வைப்பதை அப்பாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சாட்ஸ்வர்த்திலும், டர்பனின் இன்னொரு பக்கம் நம்மவர் வாழும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். மூலக் குரலைக் கேட்க இரண்டு பெட்டியை வைத்து மல்லுக்கட்டியவர்கள் நாம். இன்றைக்கு மூலக் குரல் டிவிக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் நம் பாட்டன் பாட்டி பேசிய பேச்சு. அதைக் குறைத்து வைத்துவிட்டு நீங்கள் ஆங்கிலத்தைப் படிக்கிறீர்கள். இதுதான் என் மனசைக் குடைகிறது.

தமிழ் சரளமாக வராதது உங்கள் குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. இந்த ஊரில் பிழைக்க ஆங்கிலம் போதும் என்று நம் பெரியவர்கள் முடிவு செய்ததற்குப் பின்னால் எவ்வளவு கஷ்டம் இருந்தது என்று எனக்குத் தெரியும். சப்டைட்டிலையும் நான் வெறுக்கவில்லை. அது இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் தமிழ்ப் படம் பக்கமே வரமாட்டார்கள். படிக்கலாம். ஆனால் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

‘கந்தசாமீஸ்’ விஷயத்தில் சப்டைட்டிலைக் குறை சொல்ல முடியாது, அது உங்களுக்குத் தேவைப்படாத படம். 2017இல் ஜெயன் மூட்லி இயக்கினார், கதை நடப்பதே உங்கள் சாட்ஸ்வர்த்தில். அடுத்தடுத்த வீட்டில் இரண்டு அம்மாக்கள், அவர்களுக்குள் ஆகாது, பிள்ளைகளுக்குள் காதல். எனக்கும் அதில் குறை உண்டு. கடைசியில் எல்லாம் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது, சில இடங்களில் சிரிப்புக்காக அவசரப்படுகிறது. ஆனால் அதில் வரும் பாட்டி, அந்த ஆயா, உட்கார்ந்திருக்கிற விதத்தையும் பேசுகிற பேச்சையும் பார்த்தபோது எங்கள் தெருவே ஞாபகம் வந்தது. நாம் பேசும் ஆங்கிலம், நாம் இழுக்கும் ‘ஐயோ’, அப்படியே திரையில். நான் சின்னப் பையனாக டர்பன் கிரே ஸ்ட்ரீட்டுக்கு பயாஸ்கோப் பார்க்கப் போன காலத்தில், நம் வீட்டுப் பேச்சு திரையில் கேட்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நீங்கள் அரை மணி நேரத்தில் நிறுத்தியது படம் மோசம் என்பதாலா, நம் பேச்சை அவ்வளவு பெரிதாகக் கேட்கக் கூச்சமாக இருந்ததாலா? யோசித்துப் பாருங்கள். நான் நினைப்பது தவறானால் மன்னித்துவிடுங்கள்.

அப்புறம், நாங்கள் எல்லாவற்றையும் பாராட்டுவதில்லை. இங்கே விமர்சனம் எழுதுகிறவருக்கு ஒரு விதி உண்டு: முதலிலிருந்து கடைசி வரை, சத்தத்தோடு பார்க்காத எதைப் பற்றியும் ஒரு வரி எழுதக் கூடாது. அப்படிப் பார்த்த பிறகு திட்டினாலும் போடுவோம்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது, அதை மேலே போடவில்லை. நீங்கள் சத்தத்தைக் குறைப்பதால் அம்மா நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, காதைச் சாய்த்துக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு ராத்திரி சத்தத்தைக் கூட்டிவையுங்கள். நாற்காலியைத் திரும்பவும் உங்கள் பக்கத்தில் போடுங்கள். அன்றைக்கு ஏன் அழுதார் என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். அதைச் சுருக்காமல் அடுத்த இதழில் போடுகிறேன்.