ஸ்டுட்கார்ட்டில் கதவில் தொங்கும் பலகை

கேள்வி: வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரி மாட்டச் சுவரில் டிரில் போட்டேன்; மேல்வீட்டுப் பெரியவர் வந்து நிறுத்தச் சொன்னார். அடுத்த வாரம் என் கதவுக் கைப்பிடியில் ஒரு சிறு பலகை தொங்கியது. என்னவென்று புரியாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அதிலிருந்து யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அலுவலகத்திலும் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் "இந்தக் கணக்கு தவறு" என்றார். என்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லையா?

பதில்: முதலில் அந்தப் பலகையைத் தேடி எடுங்கள். சிக்கலில் பாதி அதில்தான் இருக்கிறது.

அதற்குக் 'கேர்வோஹே' என்று பெயர், பெருக்கும் வாரம். ஸ்டுட்கார்ட்டை உள்ளடக்கிய ஸ்வாபியப் பகுதியில், அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டை ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்துச் சுத்தம் செய்வார்கள். வாசலும் நடைபாதையும் சில கட்டடங்களில் சேர்ந்துகொள்ளும். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர் முறை. முடித்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். அவரவர் வீட்டுக் குப்பையை வாரந்தோறும் அப்புறப்படுத்த வேண்டும் என்று 1492இலேயே அந்த நகரில் சட்டம் போட்டிருக்கிறார்கள். பழக்கம் அவ்வளவு பழையது. நீங்கள் பலகையை உள்ளே வைத்ததும் முறையே நின்றுபோனது. அந்த முகங்களுக்கு அதுதான் காரணமாக இருக்கும். வாடகை ஒப்பந்தத்தையும் அதனுடன் இணைத்த வீட்டு விதிகளையும் படியுங்கள். எதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

படி பளபளவென்று இருந்தாலும் பெருக்கிவிடுங்கள். நான் ஒரு முறை சும்மா இருந்துவிட்டேன். "உங்கள் முறை என்னவாயிற்று?" என்று கீழ்வீட்டு அம்மையார் திங்கட்கிழமை காலையிலேயே கேட்டார். படி சுத்தமாகத்தானே இருந்தது என்ற என் பதில் அவரிடம் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரில் போட்டது இதைவிடப் பெரிய பிழை. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. வைமார் அரசியல் சட்டம் எனப்படும் 1919ஆம் ஆண்டின் பழைய ஜெர்மன் அரசியல் சட்டத்தில் இருந்த பிரிவை, இன்றைய அரசியல் சட்டத்தின் 140ஆவது பிரிவு அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான கடைகள் அன்று மூடியிருப்பதும் இதனால்தான். ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள் போன்றவை திறந்திருக்கும். மற்றதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடுவதும் ஞாயிறன்று கூடாது, சத்தம் கேட்கும். மற்ற நாட்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம்.

மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். 'கணக்கு தவறு' என்றால் கணக்கு தவறு, அவ்வளவுதான். மன்னிப்பை நீட்டி முழக்காமல், எந்த வரி என்று கேட்டுத் திருத்தி அனுப்புங்கள். பாராட்டு வரும் என்றும் காத்திருக்க வேண்டாம். 'திட்டவில்லை என்றால் அதுவே போதுமான பாராட்டு' என்பது ஸ்வாபியர்களின் பழமொழி. ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள்: முடியாத வேலைக்கு 'முயற்சி செய்கிறேன்' என்று மழுப்பினால், ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அலுவலகத்தில் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவர வேண்டியவர் பிறந்தநாள்காரர்தான். மற்றவருக்கு முந்தைய நாளே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள்.

இந்தச் சனிக்கிழமை காலை மேல்வீட்டு மணியை அடித்து, உங்கள் பெயரைச் சொல்லி, டிரில் சத்தத்துக்கு வருத்தம் தெரிவியுங்கள். அவரைக் குடும்பப் பெயரால், 'ஸீ' என்ற மரியாதைச் சொல்லால் அழையுங்கள். பலகையையும் கையோடு கொண்டுபோய், இப்போது யார் முறை என்று கேளுங்கள். பெருக்கும் விதத்தை அவரே செய்து காட்ட ஆரம்பிக்கலாம். அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.