குறைமாதப் பிள்ளை பெட்டிக்குள்: வெளியே நிற்கிற அப்பா என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் புதுக்குடியிருப்பு. 30 கிழமையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது, நிறை 1.3 கிலோ. யாழ்ப்பாணத்தில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். மனைவி அங்கே, நான் மூத்த மகளோடு இங்கே. பால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம். தொட்டால் கிருமி போய்விடும், கிட்டப் போகாதே என்று அம்மா சொல்கிறா. இரவில் போன் அடித்தாலே நெஞ்சு பதறுது. எங்களால் என்ன செய்ய ஏலும் டொக்டர்?

பதில்: முதலில் அந்தச் சொட்டுப் பால். அது போதும், இப்போதைக்கு. உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் எடுக்கிற ஒழுங்கு 32-34 கிழமையளவில்தான் பிள்ளைக்குக் கூடிவரும். அதுவரை மெல்லிய குழாயால் வயிற்றுக்குள் பால் விடுவார்கள். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிலீற்றர்தான். குறைமாதப் பிள்ளைகளை வதைக்கிற குடல் அழற்சி வரும் வாய்ப்பைத் தாய்ப்பால் குறைக்கிறது. அதனால் முதல் நாட்களில் சுரக்கிற கடும்புப் பாலில் ஒரு சொட்டையும் வீணாக்கவேண்டாம்.

கையால் எடுக்கும்போது பெருவிரலையும் சுட்டுவிரலையும் கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அமர்த்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்தி விடவேண்டும். விரல் தோலில் வழுக்கி இழுபடக்கூடாது. முதல் சில நிமிடம் ஒன்றும் வராது; விரல்களைச் சுற்றிவர இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் வரும். நாளுக்கு எட்டுத் தடவையாவது எடுக்கவேண்டும், அதில் ஒன்று இரவில். பிள்ளையின் பக்கத்தில் இருந்து எடுத்தால் நன்றாகச் சுரக்கும். சரக்குக் கறியும் மீனும் முருங்கையிலையும் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். தண்ணியைக் குறைக்கிற பத்தியம் மட்டும் வேண்டாம்.

அம்மா சொல்வதில் பாதி சரி. கிருமித் தொற்று இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்துத்தான். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாம் கழற்றி முழங்கை வரை கழுவுங்கள். தடிமன், காய்ச்சல் என்றால் உள்ளே போகவே கூடாது. ஆனால் கிட்டப் போகாமல் இருக்கத் தேவையில்லை. தடவவோ தட்டவோ வேண்டாம், அந்தத் தோலுக்கு அது அதிகம். ஒரு உள்ளங்கையைத் தலையிலும் மற்றதைப் பாதத்திலும் அசையாமல் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அடங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அப்புறம் கங்காரு முறை. பிள்ளையை வெறும் நெஞ்சில், தோலோடு தோலாக வைத்துக் கட்டிக்கொள்வது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு வைத்தியசாலையில் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனமே, தானாக மூச்செடுக்க முடியாத நிலையில் இருக்கிற பிள்ளைகள் தவிர மற்றவர்களுக்குப் பிறந்த உடனேயே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. அப்பாவின் நெஞ்சும் நல்ல சூடுதான். முன்பக்கம் பொத்தான் உள்ள சேட்டோடு போய், “எப்ப தொடங்கலாம்?” என்று நீங்களே கேளுங்கள். பரந்தனில் பஸ் மாறிப் போகிற அலைச்சல் வீணாகாது.

மெஷின் கத்தும். பயப்படாமல் இருக்க முடியாது, ஆனாலும் சொல்கிறேன்: இந்த வயதில் பிள்ளைகள் இடைக்கிடை மூச்செடுக்க மறந்துவிடுவார்கள். தாதி காலைத் தொட்டு எழுப்பினால் அநேகமாகத் திரும்ப எடுப்பார்கள். அதற்காகவே கஃபீன் மருந்தும் கொடுப்பார்கள். வயர் கழன்றாலும் அதே சத்தம்தான்.

போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். வைத்தியர் வாட்டுச் சுற்றி முடிந்தபின் மனைவி எடுக்கட்டும். மூச்சு, பால், நிறை, இந்த மூன்றும் கேட்டால் போதும். முதல் நாட்களில் நிறை குறையும். பிறந்த நிறைக்குத் திரும்ப இரண்டு கிழமையளவு ஆகலாம். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிற விசாரிப்புகளை ஒரு சகோதரத்திடம் ஒப்படையுங்கள். மனைவி ஒவ்வொருவருக்கும் அழுதுகொண்டு விளக்கம் சொல்லத் தேவையில்லை. அழுகை இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால், சாப்பாடும் நித்திரையும் விட்டுப்போனால், வாட்டிலேயே சொல்லவேண்டும், மனநல உதவி இலக்கமான 1926க்கும் எடுக்கலாம். இது உங்களுக்கும் பொருந்தும், தம்பி.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாள் பெரும்பாலும் முதலில் குறித்துத் தந்த பேற்றுத் திகதியை ஒட்டித்தான் வரும். அதற்கு முன் கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் எப்போது என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒட்சிசனில் இருந்த குறைமாதப் பிள்ளைக்குக் கண் விழித்திரை பார்ப்பதைத் தவறவிடவே கூடாது. தடுப்பூசிக்குப் பிறந்த நாளில் இருந்து கணக்கு. சிரிக்க, பிரள, இருக்க எல்லாம் பேற்றுத் திகதியில் இருந்து. குடும்பநல உத்தியோகத்தருக்கு இப்போதே தகவல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் பிள்ளை நீலித்தாலோ, மூச்சு இழுத்தாலோ, பால் குடிக்காமல் உடம்பு குளிர்ந்தாலோ, உடனே 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

31ஆம் நாளன்று பிள்ளை அநேகமாக வாட்டில்தான் இருக்கும். துடக்குக் கழிவை வீட்டில் நீங்கள் செய்யுங்கள், அல்லது தள்ளிவையுங்கள். அதற்காக மனைவியை அங்கிருந்து கூட்டி வரவேண்டாம்.