பழைய இத்தாலிய ஃபேக்டரி ரேஸ் பைக் விற்பனைக்கு வந்தால் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் பார்த்த விளம்பரம் இது: 1960-களின் எம்.வி. அகுஸ்தா மூன்று சிலிண்டர் ஃபேக்டரி ரேஸ் பைக், முழுக்கப் புதுப்பித்தது, விற்பனைக்கு. வாங்கலாமா என்கிறார்.

வண்டி பளபளவென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதுப்பிப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று காட்டும் படங்களை முதலில் கேளுங்கள். அவை இல்லையென்றால் விலை பேச உட்காரவே வேண்டாம் என்பது என் கருத்து.

காரணம், இந்த வண்டிகள் யாருக்கும் விற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மிலானுக்கு வடமேற்கே கஷினா கோஸ்தாவில் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த அகுஸ்தா குடும்பம், அங்கேயே பந்தயப் பட்டறையும் வைத்திருந்தது. 350 சிசி மூன்று சிலிண்டர் வண்டி 1965-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தில் முதன்முதலாக இறங்கியது. இறங்கிய அன்றே இத்தாலிய பந்தய வீரர் ஜாக்கமோ அகோஸ்தினி அதில் ஜெயித்தார். அதையே பெரிதாக்கி 500 சிசி வகுப்பிலும் ஓட்டினார்கள். 1966 முதல் 1972 வரை ஏழு ஆண்டும் அந்த வகுப்பின் உலகப் பட்டம் அவருக்குத்தான். மிலானில் வேலை பார்த்த காலத்தில் கஷினா கோஸ்தாவில் உள்ள அருங்காட்சியகத்தில் இந்தக் குடும்பத்தின் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த என்ஜின் எவ்வளவு ஒடுக்கம் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

பட்டறையின் சொத்து என்பதால் நம்மூர் ஆர்சி புத்தகம் மாதிரி எதுவும் இவற்றுக்குக் கிடையாது. விழுந்து வளைந்தால் வேறு ஃபிரேம், என்ஜின் போனால் வேறு என்ஜின், அடுத்த சீசனுக்கு வேறு ஃபோர்க், வேறு பிரேக். ஆகவே "1967-ல் அகோஸ்தினி ஓட்டிய அதே வண்டி" என்று ஒரு எண்ணைக் காட்டிச் சொன்னால் அது போதாது. நீங்கள் கேட்க வேண்டியது, இந்த ஃபிரேமும் இந்த என்ஜினும் பட்டறையை விட்டு எந்த ஆண்டு, யார் கையில் வெளியே வந்தன என்பதுதான். எம்.வி. 1976-ல் பந்தயத்தை விட்டது. பட்டறையில் மிஞ்சியிருந்த வண்டிகளும் உதிரிபாகங்களும் 1986-ல் விற்கப்பட்டன. பெரும்பகுதி, பழைய ரேஸ் வண்டிகளைச் சேர்த்து ஓட்டும் அமெரிக்க அணியான டீம் அப்சலீட் கைக்குப் போனது. அங்கிருந்து இன்றைய உரிமையாளர் வரை ரசீது, கடிதம், படம் என்று ஒன்றோடொன்று கோர்த்து வர வேண்டும். நடுவில் பத்து வருடம் காணாமல் போயிருந்தால், அந்த இடத்தில்தான் நன்றாகக் குடைந்து கேட்க வேண்டும்.

அப்புறம் வண்டியைத் தொட்டுப் பார்ப்பது. ரேஸ் மெக்கானிக் கை வைத்த வண்டியில் தடயம் இருக்கும்: கழற்றிப்போட்ட பழைய பிராக்கெட்டின் ஓட்டை, விழுந்த பிறகு அவசரமாக வைத்த வெல்டிங், போல்ட் கழன்றுவிடாமல் கட்டும் பூட்டுக் கம்பிக்காக அதன் தலையில் போட்ட துளை. நல்ல புதுப்பிப்பாளர் இவற்றைப் படமெடுத்து வைப்பார், முடிந்தவரை அப்படியே விடுவார். மோசமானவர் ஓட்டையை அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து ஷோரூம் வண்டியாக்கி விடுவார். அப்படிச் செய்தால் வண்டியின் பாதி வரலாறு தேய்த்த தூளோடு போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வரும்.

என்ஜின் வார்ப்பைத் தனியாகப் பாருங்கள். அந்தக் காலத்து ரேஸ் என்ஜின்களில் எடை குறைக்க மெக்னீசியம் கலவையில் கேஸ், அதாவது என்ஜினின் வெளிக்கூடு, வார்த்தார்கள். அது ஈரத்தில் அரிக்கும், வயதானால் விரிசல் விடும். அதனால் பழைய ரேஸ் வண்டியை இன்றும் ஓட்டுகிறவர்கள் சிலர் புதிதாக வார்த்த கேஸைப் பூட்டிவிட்டு, அசலை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த அசல் கேஸும் விலையில் சேர்ந்து வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

நகல் வண்டி என்றால் உடனே மோசடி என்று நினைக்காதீர்கள். எம்.வி. மூன்று சிலிண்டரைப் புதிதாகவே செய்து, நகல் என்று சொல்லியே விற்கிறவர்கள் உண்டு. 1960-களில் தன் 500 சிசி இரட்டைச் சிலிண்டரோடு பெரிய அணிகளை எதிர்த்து நின்ற பாத்தோன் நிறுவனத்தின் பெயரிலேயே அந்த வண்டியைத் திரும்பச் செய்தார்கள். ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு, வரலாறு மங்கலான 'அசலை' விட நேர்மையான நகல் எவ்வளவோ மேல்.

ஏற்றுமதி பற்றி ஒரு வரி: இத்தாலியச் சட்டப்படி 75 ஆண்டு தாண்டிய வாகனம் நாட்டை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். உங்கள் வண்டிக்கு இது பொருந்தாது. 1949-ன் இத்தாலிய மோந்தியால் 125 சிசி பைக் மாதிரி ஒன்று வாங்கினால் பொருந்தும்.

கடைசியாக, ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் முறையாக: எண்ணெயைச் சூடாக்கி ஊற்றி, மிதமான ஸ்பார்க் பிளக்கில் சூடேற்றி, அப்புறம் ரேஸ் பிளக் மாற்றி. விற்பவர் இந்த வரிசையைத் தானாகவே செய்தால், அந்த வண்டியோடு நிஜமாகவே பழகியவர். சாயம் தடவி விரிசல் பார்த்த சோதனை அறிக்கையும் கேளுங்கள். ஃபிரேம், சக்கரம், கேஸ் மூன்றுக்கும் வேண்டும். படங்கள் வந்ததும் இங்கேயே போடுங்கள். என்ஜினின் வலது, இடது பக்கங்களைக் கிட்டத்தில் எடுத்தவை இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்ல முயல்கிறேன்.