ஆங்கிலமும் வரலாறும் சேர்த்துப் படித்தால் இரண்டும் அரைகுறையா?

கேள்வி: லண்டனில், குரோய்டனில் இருக்கிறோம். மகள் ஏ லெவலில் ஆங்கில இலக்கியம், வரலாறு, சமூகவியல் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் வரலாறும் சேர்ந்த ஜாயின்ட் ஆனர்ஸ் பட்டம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். வேலை கிடைக்குமா? எந்தப் பல்கலைக்கழகம் என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மூன்று வருட ஆனர்ஸ் பட்டம் என்றால் மொத்தம் 360 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). ஒரே பாடம் எடுப்பவர் அத்தனையையும் அதிலேயே செலவழிப்பார், உங்கள் மகளுக்குப் பாடத்துக்கு 180 என்றுதான் கிடைக்கும். ஆனால் குறைவது ஆழம் இல்லை, தேர்வு செய்யும் சுதந்திரம். முதல் வருடத்தில் இரண்டு துறைகளும் தத்தம் கட்டாயப் பாடங்களைத் திணித்துவிடும், அதனால் இடைக்கால வரலாறோ பழைய ஆங்கிலமோ ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வரும். எடுத்துக்கொண்ட மாட்யூலில் (பட்டத்துக்குள் வரும் தனித்தனிப் பாடப் பகுதி) மற்ற மாணவர்களுடன் ஒரே வகுப்பு, ஒரே கட்டுரை, ஒரே மதிப்பெண்தான். அதில் யாரும் சலுகை தரமாட்டார்கள்.

சரி, எதற்காக அந்த இழப்பு? ஒரு உதாரணம் சொல்கிறேன். 1601 பிப்ரவரி 7, குளோப் அரங்கில் ஒரு பழைய நாடகம் போடச் சொல்லி எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் நடிகர்களுக்கு வழக்கமான வருமானத்துக்கு மேல் 40 ஷில்லிங் கொடுக்கிறார்கள். ஒரு அரசன் பதவி இறக்கப்படும் கதை அது. ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்ட் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். மறுநாள் எசெக்ஸ் எலிசபெத் அரசிக்கு எதிராகக் கிளம்புகிறார், அதே மாதம் 25-ல் தலை போகிறது. வரலாற்றுத் துறையில் உட்கார்ந்தால் நடிகர் அகஸ்டின் பிலிப்ஸ் விசாரணையில் சொன்ன வாக்குமூலத்தை எடுப்பீர்கள்: நாடகம் பழசு, கூட்டம் வராது என்று தயங்கினோம், பணம் கூடத் தந்ததால் போட்டோம் என்கிறார். இது உண்மையா, தப்பிக்கச் சொன்னதா, எழுதி வைத்தது யார் என்று குடைவார்கள். ஆங்கிலத் துறையில் பிரதியை எடுப்பீர்கள்: அரசன் மன்றத்தில் முடியைக் கையளிக்கும் காட்சி எலிசபெத் உயிரோடிருந்த காலத்து அச்சுப் பிரதிகளில் கிடையாது, 1608 பதிப்பில்தான் வருகிறது. வெட்டினார்களா, பிறகு சேர்த்தார்களா? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பட்டத்தின் மொத்தப் பயனும். உங்கள் மகளுக்கு இதைப் படித்ததும் கண் விரிந்தால் சரியான பட்டம்தான். "ரெண்டுமே பிடிக்கும், எதை விடுறதுன்னு தெரியல" என்பது மட்டும்தான் காரணம் என்றால் இன்னும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இப்போது பல்கலைக்கழகத் தேர்வு. எல்லாரும் தரவரிசையைத்தான் பார்க்கிறார்கள், நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு துறைகளும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பதை. பேசாத இடங்கள் நிறைய உண்டு. அங்கே இரண்டு பட்டங்களை நடுவில் வெட்டி ஒட்டியிருப்பார்கள்: இரண்டு துறைக் கட்டுரைகளுக்கும் ஒரே வாரத்தில் கெடு, ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு, அடிக்குறிப்பு போடும் முறை வேறு, ஏதாவது பிரச்சினை என்றால் அங்கே போ, இங்கே போ என்ற அலைச்சல் வேறு. அதனால் பாடப்பிரிவுப் பக்கத்தில் மூன்றே விஷயம் தேடச் சொல்லுங்கள். இரண்டு பாடமும் கலந்த மாட்யூல் ஒன்றாவது கட்டாயமாக இருக்கிறதா, இறுதி வருட ஆய்வேட்டுக்கு இரு துறையிலிருந்தும் வழிகாட்டி கிடைப்பாரா, மாணவருக்குப் பொறுப்பான டியூட்டர் எந்தத் துறை. ஆக்ஸ்போர்டில் இந்தப் பட்டத்துக்கென்றே இரண்டையும் இணைக்கும் தாள்கள் இருக்கின்றன, யார்க்கிலும் இந்தச் சேர்க்கை உண்டு. ஸ்காட்லாந்தில் நான்கு வருடம், தொடக்கத்தில் இன்னொரு பாடமும் எடுக்கலாம், முடிவு செய்யத் தயங்குகிற பிள்ளைக்கு அது நல்ல இடம்.

பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். நடுவில் 'அண்ட்' இருந்தால் ஏறக்குறைய சரிபாதி, 'வித்' இருந்தால் முதலில் வரும் பாடம்தான் பெரும்பங்கு. இது வேலை விஷயத்திலும் வந்து இடிக்கும். ஆசிரியராக ஆசை இருந்தால் பட்டத்துக்குப் பிறகு ஒரு வருட ஆசிரியர் பயிற்சி (பெரும்பாலும் பிஜிசிஇ) படிக்க வேண்டும், பட்டத்தில் பாதியாவது அந்தப் பாடமாக இருக்க வேண்டும் என்று கேட்கும் பயிற்சி இடங்கள் உண்டு. சரிபாதி எடுத்தவருக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும், 'வித்' எடுத்தவருக்குச் சிறிய பாடத்தின் கதவு சிக்கலாகலாம்.

சட்டம் என்றால் கவலையே வேண்டாம், 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கான தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம், சட்டப் பட்டம் கட்டாயமில்லை. அரசுப் பணி, இதழியல், பதிப்பகம், ஆவணக்காப்பகம் எல்லாம் திறந்த வழிகள்தான், ஆனால் ஆவணக்காப்பகத்துக்கு மேற்படிப்பு பெரும்பாலும் தேவைப்படும். பட்டம் வாங்கியதும் கையில் வேலை என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், கணக்கியல் படித்த பக்கத்து வீட்டுப் பையனோடு முதல் வருடச் சம்பளத்தை ஒப்பிட்டால் வயிறு எரியத்தான் செய்யும்.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் அமைப்பான யூகாஸில் ஐந்து இடம் போடலாம், ஆனால் ஐந்துக்கும் தன்னைப் பற்றி எழுதும் ஒரே கட்டுரைதான் (பர்சனல் ஸ்டேட்மென்ட்). மூன்று இடத்துக்கு ஜாயின்ட், இரண்டுக்கு வரலாறு மட்டும் என்று கலந்து போட்டால், வரலாற்றுத் துறைக்காரர் "இந்தப் பெண்ணுக்கு மனம் இங்கே இல்லை" என்று நினைக்க இடம் உண்டு. முடிந்தவரை ஐந்தும் ஒரே சேர்க்கையாக இருக்கட்டும். 2026 சேர்க்கையிலிருந்து அந்தக் கட்டுரையே மூன்று கேள்விகளாக மாறிவிட்டது, பழைய மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்து எழுத வேண்டாம். ஆக்ஸ்போர்டுக்குக் கெடு அக்டோபர் நடுவில், மற்ற பெரும்பாலான இடங்களுக்கு ஜனவரி.

அப்புறம், ஓபன் டேக்கு (பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் நாள்) போகும்போது பேராசிரியரிடம் கேட்பதைவிட அங்கே நிற்கும் இரண்டாம் வருட மாணவர்களிடம் "ஒரே வாரத்தில் எத்தனை கட்டுரை கொடுக்க வேண்டி வந்தது?" என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நேரம் காபி வாங்கப் போய்விடுங்கள். பெற்றோர் பக்கத்தில் நின்றால் அந்தப் பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.