தூண்டில் கேள்வி பதில்: பாஸ் மீனுக்கு எந்த நரம்பு?

கேள்வி: பாஸ் பிடிக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. நான் போகும் ஏரியில் ஒரு கரை முழுக்க அல்லி இலையும் பாசியும். எதிர்க்கரை பாறை, அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கும். என்னிடம் இருப்பது ஒரே ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கோல்), ஒரே ரீல் (நரம்பு சுற்றும் கருவி). நைலான், ஃப்ளோரோகார்பன், பிரெய்டு என்று மூன்று வகை தூண்டில் நரம்பு சொல்கிறார்கள். எதைச் சுற்றுவது? எத்தனை பவுண்டு?

பதில்: ஏரி எப்படி இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பாதிப்பேர் ராட் என்ன, ரீல் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இருக்காது. நரம்பைத் தீர்மானிப்பது தண்ணீரும் அதில் மீன் ஒளிந்திருக்கும் இடமும்தான். ராட், ரீல் எல்லாம் அதற்கு அப்புறம்.

தண்ணீரின் எடையை 1 என்று வைத்துக்கொண்டால் நைலான் 1.14, ஃப்ளோரோகார்பன் சுமார் 1.78, பிரெய்டு 0.97. அதாவது நைலான் மெதுவாக இறங்கும், ஃப்ளோரோகார்பன் சட்டென்று மூழ்கும், பிரெய்டு மிதக்கும். பிரெய்டு மிதப்பதற்குக் காரணம், அது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்தது. தண்ணீர்ப் பரப்பில் தத்தித் தத்தி வர வேண்டிய லூரை, அதாவது செயற்கை இரையை, ஃப்ளோரோகார்பனில் கட்டிப் பாருங்கள். நரம்பு கீழே இறங்கி லூரின் மூக்கையும் கூடவே இழுத்துவிடும். லூர் சரியில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் கோளாறு நரம்பில் இருக்கும்.

அடுத்தது இழுபடும் தன்மை. நைலான் நன்றாக இழுபடும், ஃப்ளோரோகார்பன் கொஞ்சம் குறைவு, பிரெய்டு அநேகமாக இழுபடவே இழுபடாது. பாஸ் ஓடி ஓடித் துரத்தும் மீன் அல்ல. இலை நிழலில் அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். அந்த ஒரு நொடியில் விரலுக்குத் தெரிவது ஒரு சின்ன 'டக்', அவ்வளவுதான். பிரெய்டில் அது தெளிவாகத் தெரியும். நீளமாக விட்ட நைலானில் பல சமயம் தெரியாமலே போய்விடும்.

சரி, உங்கள் ஏரிக்கு வருவோம். ரீலில் 30 பவுண்டு பிரெய்டு சுற்றுங்கள். பவுண்டு என்பது நரம்பு அறுபடாமல் தாங்கும் இழுப்பு. 30 என்றதும் பயப்பட வேண்டாம், அது ஏறத்தாழ 8 பவுண்டு நைலானின் தடிமன்தான் இருக்கும். வெறும் ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) பிரெய்டு வழுக்கும் என்பதால் முதலில் நாலைந்து சுற்று நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டு ஏற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள்.

அல்லிக் கரையில் இந்தப் பிரெய்டிலேயே நேராக முள்ளைக் கட்டலாம். ரப்பர் புழுவில் முள் முனை உள்ளே மறைந்திருப்பதுபோல் கோர்த்து, மேலே தோட்டா வடிவ ஈயம் விட்டால் பாசியில் சிக்காது. டெக்சாஸ் ரிக் என்பார்கள். முள் முதலில் ரப்பரைத் துளைக்க வேண்டும், அப்புறம்தான் மீனின் வாய். அதற்கு நரம்பு இழுபடாமல் இருப்பதுதான் நல்லது. பாறைக் கரைக்குப் போகும்போது பிரெய்டின் நுனியில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் ஒன்றரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நரம்பை இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். மும்முனை முள் வைத்த கிராங்க்பெயிட் என்ற கெட்டியான மீன் வடிவ லூரைத்தான் அதிகம் வீசுவேன் என்றால் மட்டும் இன்னொரு ஸ்பூலில் 10 பவுண்டு நைலான் வைத்திருங்கள். இழுபடாத பிரெய்டில் அந்தச் சின்ன முட்கள் வாய்த்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நைலான் இழுபட்டுக் கொடுப்பதால் மீன் தங்கும்.

பெரிய மீனுக்குத்தான் பெரிய பவுண்டு என்று பலர் நினைக்கிறார்கள். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்ததும் ஏறக்குறைய அதே எடை. இரண்டும் உலக சாதனையைப் பகிர்ந்துகொள்கின்றன. உலகத்திலேயே பெரிய பாஸே பத்து கிலோவை ஒட்டித்தான் என்றால், அடர்ந்த பாசியில் 50 பவுண்டு பிரெய்டு எதற்கு? மீனுக்காக அல்ல, மீனோடு சேர்ந்து வரும் கொடிக்காக.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒரு விடியற்காலை, அல்லி இலைகளுக்கு நடுவே, 8 பவுண்டு நைலானில் ரப்பர் தவளையைக் கட்டி வீசினேன். தண்ணீர் குண்டு விழுந்ததுபோல் வெடித்தது. மீன் ஒரே பாய்ச்சலில் தண்டுகளுக்குள் புகுந்து இரண்டு சுற்று சுற்றியது. நரம்பு அறுந்தது. தவளையை வாயில் வைத்துக்கொண்டே அது போய்விட்டது. மீன் தப்பியது பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த முள்ளோடு அது எப்படி இரை எடுத்திருக்கும் என்பதைத்தான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மெல்லிய நரம்பில் பிடிப்பதே திறமை என்று யாராவது எழுதினால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

கேள்வி: மூன்று முறை நல்ல மீன் மாட்டி, மூன்று முறையும் முள்ளோடு போய்விட்டது. நரம்பு புதிது. நுனியைப் பார்த்தால் பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கிறது. நரம்பு மட்டமானதா?

பதில்: நுனியைப் பார்த்தீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. சுருண்ட நுனி என்றால் நரம்பு அறுபடவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. நுனி சொரசொரப்பாக, சிராய்த்ததுபோல் இருந்தால் பாறையிலோ கட்டையிலோ உரசி அறுந்தது.

பாலோமர் முடிச்சுக்கு மாறுங்கள். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழையுங்கள். மடித்தபடியே ஒரு சாதாரண முடிச்சு தளர்வாகப் போடுங்கள். மீதமிருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுசாக நுழைத்து எடுத்து, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். நனைப்பதை விட்டுவிடாதீர்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அந்த இடமே பலவீனமாகும், ஃப்ளோரோகார்பனில் இது அதிகம். இறுக்கியதும் முள்ளை ஏதாவது ஒரு கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். அவிழ்வதாக இருந்தால் உங்கள் கையில் அவிழட்டும்.

டிராக்கையும், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பையும், பாருங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுப்பிலேயே ரீல் நரம்பை விட வேண்டும். 8 பவுண்டு என்பது 3.6 கிலோ, அப்படியென்றால் ஒரு கிலோ இழுப்பு. நுனியைச் சின்னத் தொங்கு தராசில் கட்டி ராடைத் தூக்கினால் தெரிந்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல் நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

கேள்வி: ஃப்ளோரோகார்பன் மீன் கண்ணுக்கே தெரியாது என்பது உண்மையா?

பதில்: மிகை. ஒளியை வளைக்கும் அளவில் அது 1.42, தண்ணீர் 1.33, நைலான் 1.5க்கு மேல். தண்ணீரின் அளவுக்கு நெருக்கமாக இருப்பதால் நைலானை விடக் குறைவாகத் தெரியும், மறைந்துவிடாது. கலங்கிய தண்ணீரில் இந்தக் கவலையே வேண்டாம். மாறாக, உங்கள் கண்ணுக்கு நரம்பு நன்றாகத் தெரிவதில் பலன் உண்டு. லூர் இறங்கும்போது மீன் எடுத்தால் கைக்குத் தெரியும் முன்பே நரம்பு ஒரு துள்ளு துள்ளும். நான் மஞ்சள் பிரெய்டு வைத்திருப்பது அதற்காகத்தான்.

கேள்வி: பெயிட்காஸ்டர் ரீல் (வீசும்போது ஸ்பூலே சுற்றும் வகை) வாங்கிவிட்டேன். வீசும்போதெல்லாம் நரம்பு குருவிக்கூடு ஆகிவிடுகிறது.

பதில்: லூர் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றுவதால் வருவது அது. லூர் தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தி நிறுத்த வேண்டும். பழகும்வரை 12 பவுண்டு நைலான் போடுங்கள், சிக்கல் எடுக்க எளிது. லூர் 14 கிராம் அளவில் இருக்கட்டும், இலேசானது இன்னும் தொல்லை தரும். ஒரு வாரம் வெறும் புல்தரையில் முள் இல்லாத எடையை வீசிப் பழகுங்கள்.

கேள்வி: பிடித்ததைத் திரும்ப விடுவதுதான் என் வழக்கம். சில சமயம் ரப்பர் புழுவை மீன் விழுங்கி, முள் தொண்டையில் இறங்கிவிடுகிறது. பிடுங்கி எடுப்பதா, விடுவதா?

பதில்: விழுங்க விடாமல் இருப்பதே முதல் வேலை. 'டக்' தெரிந்ததும் தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து உடனே இழுங்கள். கொஞ்சம் தின்னட்டும் என்று காத்திருக்காதீர்கள். முள்ளின் கொண்டையை, அதாவது பின்பக்கம் நீட்டியிருக்கும் கூர்நுனியை, இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது பாதி வேலை.

அதையும் மீறி இறங்கிவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற முள்ளை மட்டும் நீண்ட மூக்கு இடுக்கியால் எடுங்கள். தெரியவில்லை, செவுள் பக்கம் இரத்தம் கசிகிறது என்றால் தோண்டாதீர்கள். நரம்பை முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வெட்டுங்கள். கையை முன்பே நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். பெரிய மீனைக் கீழ்த்தாடையை மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்காதீர்கள், மறு கை வயிற்றுக்கடியில் இருக்கட்டும். வெட்டிய நரம்புத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருங்கள். வாலை அடித்துத் தானாகக் கையை விட்டுப் போகும்வரை விடாதீர்கள்.