பிலிப்பைன்ஸின் பனாவே படிவயல்கள் (மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த நெல்வயல்கள்) யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உண்டா இல்லையா?

கட்டுரைக்காகப் பட்டியலில் பனாவே என்று தேடினால் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, இல்லை இரண்டும் சரிதான். பனாவே நகராட்சிக்குள் இருக்கும் படாட், பங்கான் படிவயல்கள் 1995 முதல் பட்டியலில் உள்ளன. ஊர் மையத்துக்கு மேலே காட்சிமேடையிலிருந்து தெரியும் படிவயல்கள் அதில் இல்லை. பிலிப்பைன்ஸின் 20 பிசோ பண நோட்டில் ஏறியதோ பனாவே என்ற பெயர்தான். அதனால்தான் குழம்பியிருக்கிறீர்கள்.

பெயர்தான் சிக்கல். இஃபுகாவ் மாகாணத்தின் ஒரு நகராட்சி பனாவே. அதன் மையப்பகுதியையும் காட்சிமேடை வயல்களையும்கூட அதே பெயரில் சொல்கிறார்கள். 'நகராட்சி' என்றதும் நம் ஊர் நகராட்சியை நினைக்காதீர்கள். அங்கே அது பரங்காய் எனப்படும் பல சிற்றூர்கள் சேர்ந்தது, பெரும்பாலும் மலையும் வயலும்தான்.

சரிபார்க்க, பட்டியலின் ஐந்து தொகுதிகளையும் நகராட்சியோடு (அடைப்புக்குறிக்குள் இருப்பது) பொருத்திப் பாருங்கள்: படாட், பங்கான் (பனாவே), மயோயாவ் (மயோயாவ்), ஹுங்டுவான் (ஹுங்டுவான்), நகாகாதன் (கியாங்கன்). கட்டுரையில் எங்கெல்லாம் "பனாவே படிவயல்" என்று எழுதினீர்களோ, அங்கே எதைச் சொல்கிறீர்கள் என்று பிரித்துவிடுங்கள்.

அப்புறம், படிவயல்களுக்கு "2000 ஆண்டுப் பழமை" என்ற வரியை அப்படியே விடாதீர்கள். அது ஓட்லி பேயர் போன்ற பழைய மானிடவியலாளர்களின் ஊகம். தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோ குழுவின் அகழாய்வுகள், ஸ்பானியர் வருகைக்குப் பிறகு, சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்புதான் அங்கே நீர்ப்பாசன நெல் பரவியது என்கின்றன. விவாதம் முடியவில்லை, இரண்டையும் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று: 2001இல் இந்தப் படிவயல்களை யுனெஸ்கோவின் 'ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியம்' பட்டியலிலும் சேர்த்தார்கள், 2012இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பழைய பக்கங்களில் இன்னும் ஆபத்தில் இருப்பதாகவே போட்டிருப்பார்கள்.