கேளுங்கள், சொல்கிறோம்: திமிங்கலம் பார்க்கும் முன்

கே: மார்ச்சில் தென்னிலங்கையின் மிரிஸ்ஸ போகிறோம். நல்ல படகை எப்படித் தேர்ந்தெடுப்பது? (வாசகர், வவுனியா)

ப: பணம் கட்டுமுன், "எவ்வளவு கிட்டப் போவீர்கள்?" என்று கேளுங்கள். "கைக்கெட்டும் தூரம்" என்றால் அடுத்த படகைப் பாருங்கள். இலங்கையின் 2012 விதிகள் திமிங்கலத்திலிருந்து 100 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. படகு வரும் கோணமும் அதே அளவு முக்கியம். முன்னால் குறுக்கே மறிக்கக்கூடாது, வாலுக்குப் பின்னால் துரத்தவும் கூடாது. பக்கவாட்டில், அது போகும் திசைக்கு இணையாக, அதன் வேகத்தைத் தாண்டாமல் போக வேண்டும். தானாக நெருங்கி வந்தால் எஞ்சினை நியூட்ரலில் போட்டுக் காத்திருக்க வேண்டும். நிலைமை கெடுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது படகு வந்த பிறகுதான். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, எதிரே ஒன்று என்று, தனித்தனியே 100 மீட்டரைக் காத்தபடியே மூவரும் விலங்கைச் சுற்றி வளைத்துவிடுவார்கள்.

கே: படகுகளால் தொந்தரவு என்பதை எப்படி அளப்பது? ஆராய்ச்சியாளரும் படகில்தானே போகிறார்? (வாசகி, மதுரை)

ப: இந்தத் துறையின் தலைவலியே அதுதான். கரையோரம் வரும் இனங்கள் என்றால், குன்றின்மேல் நில அளவைக்காரர்கள் கோணம் அளக்கும் தியோடோலைட் கருவியை வைத்துப் பார்க்கலாம். கருவி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், கோணங்களிலிருந்து திமிங்கலத்தின் இடத்தைக் கணக்கிடலாம். உயரத்தில் 2 சதவீதம் பிழை என்றால் தூரத்திலும் ஏறக்குறைய அதே பிழை வரும். அதனால் கடல் ஏற்றவற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். படகு வருமுன், இருக்கும்போது, போன பின் என மூன்று கட்டமாக மூச்சு இடைவெளி, மூழ்கும் நேரம், வேகம், திசைமாற்றம் ஆகியவற்றைக் குறிப்பார்கள். பலர் கோட்டைவிடுவது முதல் கட்டத்தில். படகில்லாத நேரத்துப் பதிவு இல்லையென்றால் ஒப்பிட ஒன்றுமில்லை. மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கலங்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் அங்கே படகுதான் வழி. இன்னொன்று: ஓடாமல் நிற்கும் திமிங்கலம் நிம்மதியாக இருக்கிறது என்று பொருளல்ல. இரை அங்கே மட்டும் கிடைத்தால், சகித்துக்கொண்டு நிற்கும்.

கே: சுற்றுலாப் படகுகளை நிறுத்தினால் போதுமா?

ப: போதாது. இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு வெளியே செல்லும் சரக்குக்கப்பல் பாதை இரைதேடும் இடத்தின் மேலேயே போகிறது, மோதினால் பெரும்பாலும் சாவுதான். 2022இல் எம்.எஸ்.சி. என்ற சரக்குக்கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே நகர்த்திக்கொண்டது.

கே: எங்கள் புகைப்படங்கள் ஆய்வுக்கு உதவுமா?

ப: உதவும். நீலத் திமிங்கலத்துக்கு முதுகுத் துடுப்பும் அதையொட்டிய தோல் புள்ளிகளும் தெரிய வேண்டும், இருபக்கமும் தனித்தனியாக. ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு வாலின் பின்விளிம்பு. தேதி, நேரம், ஜிபிஎஸ் இடம் சேருங்கள். படகு புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் இரண்டையும், ஒன்றும் தென்படாத நாளிலும், குறித்து வையுங்கள்.